பால் வராத கள்ளி

அத்தியாயம் ஏழு

கள்ளியைக் குத்தினால் பால் வர வேண்டும். வரவில்லை.

குண்டூசியின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் உருண்டு நின்றது. தவளை அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"வெறும் தண்ணி மேடம். எங்க வீட்டுக்கு வர்ற பால்லகூட இதைவிடக் கொஞ்சம் வெள்ளை இருக்கும்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஜோக் வாயைத் தாண்டிய மறு நொடி, நெஞ்சுக்குள் யாரோ முள்ளை வைத்துத் திருகினார்கள்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மழை இருக்கோ இல்லையோ கத்திக்கொண்டே இருப்பான் என்று மேடம் வைத்த பெயர்தான் நிலைத்தது. மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். எரிந்த கடையில் எரியாத சரக்கு எங்கே போனது என்று கண்டுபிடிப்பதில் கில்லாடி. ஓய்வு பெற்ற கையோடு, ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். தவளை அவருக்கு வண்டி ஓட்டுவான், போட்டோ எடுப்பான், பேச வேண்டிய இடத்தில் பேசுவான். பேசக் கூடாத இடத்திலும் பேசுவான். வினை அங்கேதான் வந்தது.

இப்போது அவர்கள் நின்றது மூன்றாவது மாடி வீடு ஒன்றின் பால்கனியில். வீட்டில் இரண்டே பேர்: கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர், அவருடைய மகன். பெரியவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் ஆன கண்ணைத் தவறிப்போய்த் தேய்த்துவிடக் கூடாதென்று மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து டேப் ஒட்டியிருந்தது. சொட்டு மருந்து போட ஒரு ஏஜென்சியிலிருந்து நர்ஸ் வந்து போனாள். ஒரு நாள் காலை அவள் மூடியை எடுத்து, பஞ்சால் துடைத்து, மருந்தை விட்டதும் பெரியவர் "எரியுதே! எரியுதே!" என்று அலறினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் தப்புமா என்று டாக்டரே சொல்ல முடியாத நிலை.

மருந்துப் புட்டியைச் சோதித்தார்கள். சுத்தமாக இருந்தது. பிறகு எப்படி? அதைக் கண்டுபிடிக்கத்தான் மகன் மேடத்தைத் தேடி வந்தான். முதல் நாள் இதே வீட்டு ஹாலில், மேடம் உள்ளே போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தவளை சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "மருந்து சுத்தம்னா கை அழுக்குன்னுதானே சார் அர்த்தம்? கேஸ் முடிஞ்சுது. காபி எப்ப வரும்?"

காபி வந்தது. அதைவிட வேகமாக அந்த வார்த்தை ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தது. "துப்பறியற ஆளே சொல்லிட்டார்" என்று மகன் போனில் கத்த, அன்று மாலையே நர்ஸை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் மகன் போலீசிலும் புகார் கொடுத்தான். நாளை அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மேடம் அதற்காகத் தவளையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியாது. வா, வேலையைப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

இன்று காலை கண் டாக்டரைப் பார்த்ததில் முதல் வெளிச்சம் கிடைத்தது. "இது கிருமி இல்லை, காரமான ஏதோ பட்ட புண்" என்றார் டாக்டர். "கள்ளிப்பால் பட்டா இப்படி ஆகும். வீட்டுல பால் வடியற செடி ஏதாவது இருக்கான்னு பெரியவரைக் கேட்டேன். எதுவும் இல்லைன்னுட்டார்."

எதுவும் இல்லை என்று சொன்னவரின் பால்கனியில் இடுப்புயரத்துக்கு ஒரு முள்செடி நின்றது. பச்சைத் தூண் மாதிரி, விளிம்பெல்லாம் முள். அதைப் பார்த்ததும் தவளைக்கு உயிர் வந்தது. குத்திப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. வந்த உயிர் வந்த வழியே போய்விட்டது.

"அதை என்னம்மா பார்க்கறீங்க?" ஹாலிலிருந்து பெரியவரின் குரல். வேலை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் கட்டு. மேஜை மேல் திறந்து கிடந்த கடிகாரத்தைத் தொடாமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். "சும்மா கேக்டஸ்தான். பையன் அழகுக்கு வாங்கிப் போட்டான்."

"அழகாத்தான் இருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு, மேடம் செடியை விட்டு நகராமல் நின்றார். பிறகு தவளையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பால்கனிக்கு வெயில் எந்தப் பக்கம்?"

"தெருப் பக்கம். மத்த மூணு பக்கமும் சுவர், கதவு."

"செடி எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

தவளை பார்த்தான். செடி லேசாக, ஆனால் தெளிவாக, சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது.

"செடிக்குச் சுவர் மேல என்ன காதல்? ரொம்ப நாளா இங்கயே இருந்திருந்தா தெருவைப் பார்த்துல்ல வளைஞ்சிருக்கணும்?" என்றார் மேடம்.

"வேற எங்கயோ வளர்ந்தது!"

"கத்தாதே. கீழே பாரு."

தரையில், தொட்டியைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம். பழைய தண்ணீர்க் கறை. தொட்டி அந்த வட்டத்துக்குள் அடங்கி, சுற்றிலும் விரல் கடை இடம் மிச்சம் விட்டிருந்தது. அப்பாவின் செருப்பில் குழந்தை கால் நுழைத்த மாதிரி.

"தொட்டியும் புதுசு, செடியும் புதுசு" என்றார் மேடம். "பழைய செடி ஒண்ணு இருந்திருக்கு. பார்க்க இதே மாதிரி இருந்திருக்கும். இல்லைன்னா மாத்தினது தெரிஞ்சுபோயிருக்குமே."

தவளை குனிந்து தொட்டியைச் சாய்த்தான். அடியில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர். மிச்சமிருந்த பாதியில் ஒரு பச்சைக்கிளியின் வாலும் 'நர்சரி' என்ற எழுத்துகளும்.

"நர்ஸ் கேஸுல நர்ச…" என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டான்.

வண்டியில் போகும்போது மேடம் கேட்டார். "யாருன்னு நினைக்கறே?"

"வேற யாரு மேடம், மகன்தான். செடி வாங்கினது அவரு. புகார் கொடுத்தது அவரு. ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கத்தினது அவரு. திருடனே முதல்ல 'திருடன், திருடன்'னு கத்துவான்." சிக்னலில் பிரேக் போட்டான். "அவரா இருக்கணும் மேடம்."

"ஏன் 'இருக்கணும்'ங்கறே?"

தவளை சிக்னல் விளக்கையே பார்த்தான். மகன் கெட்டவனாக இருந்துவிட்டால் தன் பங்குப் பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை மேடம் கண்டுபிடித்துவிட்டார் என்பதும் தெரிந்தது.

"நர்ஸோட வாக்குமூலத்தை நீதானே ரெக்கார்டு பண்ணினே? மூடியை எடுக்கும்போது எப்படி இருந்ததுன்னு சொன்னா?"

"விளிம்பு பிசுபிசுன்னு ஒட்டினதாச் சொன்னாங்க. டேப் பசைன்னு நினைச்சு, ஈரப் பஞ்சால மூடியையும் இமையையும் துடைச்சாங்களாம்."

"நீ அதைக் கேட்டே. காதுல வாங்கலை."

"கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன் மேடம்" என்றான் தவளை.

பச்சைக்கிளி நர்சரி பஸ் டெப்போவை ஒட்டி இருந்தது. நர்சரிக்காரர் முழங்கால்வரை சேறும், வாய்வரை பேச்சுமாக வந்தார். தவளை தன் போனில் எடுத்திருந்த செடியின் படத்தைக் காட்டினான்.

"நம்ம கடைச் செடிதான் தம்பி. நல்லா வருதா? தண்ணி அதிகம் ஊத்தாதீங்க."

"இதே மாதிரி, ஆனா பால் வர்ற செடி இருக்கா?" என்றார் மேடம்.

"அது கள்ளி மேடம். படிச்சவங்க யூபோர்பியாம்பாங்க. ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரத்த சம்பந்தமே கிடையாது. இது கேக்டஸ் குடும்பம். கள்ளிக்குச் சொந்தக்காரங்க யாருன்னா ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம். காய்ஞ்ச ஊருல ரெண்டு பேரும் பொழைக்கணும்னு ஒரே மாதிரி வேஷம் போட்டுக்கிட்டாங்க. உடைச்சுப் பார்த்தாத்தான் குட்டு வெளிப்படும்." அவர் பேச்சை நிறுத்தி மேடத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஏன், உங்களுக்கும் மாத்தித் தரணுமா?"

"எங்களுக்கும்னா? வேற யாருக்கு மாத்தினீங்க?"

நர்சரிக்காரர் பின்பக்கம் கூட்டிப்போனார். நிழல் வலைக்குக் கீழே, ஓரமாக, ஒரு பெரிய தொட்டி. அதில் அதே உயரத்தில், அதே முள்ளோடு ஒரு செடி. ஒரு பக்கமாக நன்றாக வளைந்திருந்தது. நடுவுக்குச் சற்று மேலே ஒரு கிளை ஒடிந்து, ஒடிந்த இடத்தில் பால் வடிந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

தவளை ஓர் எட்டு முன்னால் வைத்தான். நாளெல்லாம் தேடியது கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இதைக் கொண்டுவந்தவர் முப்பது முப்பத்தஞ்சு வயசு, கண்ணாடி போட்டவர், சரியா?" என்றான்.

"இல்லையே தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பெரியவர் ஒருத்தர். ஆட்டோவுல வந்தார். தொட்டியை ஆட்டோக்காரர்தான் தூக்கிட்டு வந்தார். செடி மேல போர்வை சுத்தியிருந்தது. வலது கண்ணுல இம்மாம்பெரிய கட்டு. 'இந்த நிலைமையில ஏன் சார் அலையறீங்க, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே'ன்னேன். அவர் அதைக் காதுலயே வாங்கலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்."

"என்ன கேட்டார்?" என்றார் மேடம்.

"'பார்க்க இதே மாதிரி இருக்கணும். ஆனா உடைச்சா பால் வரக் கூடாது'ன்னார்."

அவர்கள் திரும்பி வந்தபோது பெரியவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். மேடம் எதிரே உட்கார்ந்து, தவளையின் போனை மேஜை மேல் வைத்தார். திரையில் வளைந்த கள்ளி, ஒடிந்த கிளை. பெரியவர் ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார் கடைசியில். "கிளையை ஒடிச்சேன். அந்தக் கையோட கண்ணைத் தொட்டுட்டேன். சொல்ல வெக்கமா இருந்தது. அப்படியே எழுதிக்கோங்க."

"ஆபரேஷன் பண்ணின கண்ணை மூடி, மேலே டேப் போட்டிருந்தாங்க. உங்க கை உள்ளே போகவே முடியாது. பால் பட்டது கண்ணுல இல்லை, மூடியோட விளிம்புல. நர்ஸ் துடைச்ச பஞ்சு வழியாத்தான் அது கண்ணுக்குப் போயிருக்கு. டேப்பை ஒட்டின கை வேற."

"இல்லம்மா…"

"இன்னொண்ணும் சொல்றேன். உங்க தப்புன்னா ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிருப்பீங்க. புண்ணான கண்ணோட, போர்வை சுத்தி, ஆட்டோ பிடிச்சு அலைஞ்சிருக்க மாட்டீங்க. மனுஷன் தனக்காக அவ்வளவு தூரம் அலையறதில்லை."

பெரியவரின் விரல்கள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. மயிரிழை மாதிரியான கடிகாரச் சுருளைக்கூட நடுங்காமல் பொருத்திய விரல்கள்.

"எனக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம்னுதான் சொன்னேன். அவன்தான் விடலை. 'கண்ணு தெரிஞ்சாத்தானேப்பா நீங்க நீங்களா இருப்பீங்க'ன்னு கெஞ்சிக் கூட்டிட்டுப் போனான். அன்னிக்குக் காலையில காத்து பலமா அடிச்சுது. தொட்டி விழுந்துடும்னு உள்பக்கம் நகர்த்தினான். கிளை ஒடிஞ்சுது. கையைக் கைக்குட்டையில துடைச்சுக்கிட்டே வந்தவன் என்னைப் பார்த்துட்டு, 'டேப் கழண்டிருக்கே, கண்ணுல தூசி விழுந்துடப் போகுது'ன்னு ஒட்டிவிட்டான். குழந்தைக்குப் பொட்டு வைக்கற மாதிரி, அவ்வளவு பதமா ஒட்டினான்மா. அவன் ஆபீஸ் கிளம்பின கொஞ்ச நேரத்துல நர்ஸ் வந்துது."

"அவருக்குத் தெரியாதா?"

"அந்தச் செடியில விஷம் இருக்குன்னே தெரியாது. டாக்டர் கேட்டப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. அப்ப அவன் வெளியே நின்னு நர்ஸைத் திட்டிக்கிட்டிருந்தான். இவன்கிட்ட போய் 'உன் கையாலதான்டா'ன்னு எப்படிச் சொல்றது? செத்துப்போயிடுவாம்மா. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பார்த்தேன். நாளாக நாளாக வாய் பூட்டிக்கிச்சு."

"அந்தப் பொண்ணு?"

கேட்டது தவளை. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது அவனுக்கு.

"உங்க பையன் தாங்க மாட்டாருன்னு, அந்தப் பொண்ணு தாங்கட்டும்னு விட்டுட்டீங்களா சார்?"

பெரியவர் தலையைத் தொங்கப் போட்டார். கேட்டுவிட்டுத் தவளையும் தொங்கப் போட்டான். கேட்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது? இவர் வாயைத் திறக்காமல் செய்ததைத்தான் நான் திறந்து செய்தேன்.

"நான் பண்ணினதாவே இருந்துட்டுப் போகட்டும் தாயி" என்றார் பெரியவர். "நர்ஸ் மேல இருக்கற பழியும் நீங்கிடும். அவனுக்கும் தெரியாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

மேடம் மேஜை மேலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பினார். தவளை அவர் முகத்தைப் பார்த்தான். அவருக்கும் அந்த வழி கொஞ்சம் பிடித்திருந்தது என்பது தெரிந்தது. அவர் நினைத்தால் எழுதலாம். பெரியவர் கையெழுத்துப் போடுவார். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"நான் அப்படி எழுதினா," என்றார் மேடம், "உங்க பையன் உங்களுக்காகப் பரிதாபப்படுவார். புகாரை வாபஸ் வாங்குவார். அந்தப் பொண்ணு முன்னாடி போய் நிக்கணும்னு அவருக்குத் தோணவே தோணாது. அவர் நிக்க வேண்டியவர் சார். நீங்களும்தான்."

மேஜை மேல் தவளையின் போன் அதிர்ந்தது. கள்ளியின் படம் மறைந்து மகனின் பெயர் வந்தது. தவளை மேடத்தைப் பார்த்தான். மேடம் தலையசைத்தார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நாளைக்கு ஸ்டேஷனுக்கு உங்க ரிப்போர்ட்டோட வந்துடுவீங்கல்ல? அந்தக் கைகாரி ஒத்துக்கிட்டாளா இல்லையா?"

தவளை வாயைத் திறப்பதற்குள் ஒரு கை நீண்டது. பெரியவரின் கை.

"டேய், நான் அப்பா பேசறேன்."

"அப்பா? மருந்து போட்டாச்சா? கண்ணைக் கசக்காதீங்கன்னு…"

"போட்டாச்சு. கேளு. அன்னிக்குக் காத்துல செடியை நகர்த்தினியே. கிளை ஒடிஞ்சுதே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"ஒடிஞ்ச இடத்துல பால் வடிஞ்சுது. அது கள்ளிப்பால்டா. அந்தக் கையோடதான் என் மூடிக்கு டேப் ஒட்டினே. நர்ஸ் ஒண்ணுமே பண்ணலை. எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் மறைச்சுட்டேன்."

மறுமுனையில் அவன் அலுவலகத்தின் சத்தம் மட்டும் வந்தது: எங்கோ பிரிண்டர் ஓடியது, யாரோ ஒருவர் "சார், இதுல ஒரு சைன்" என்றார், இரண்டாம் முறையும் கேட்டார். பெரியவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது.

"உங்களுக்கு இப்ப எரியுதாப்பா?" என்று கேட்டான் மகன்.

"இல்லடா. இப்ப இல்லை."

"நான் வரேன்" என்றான். போன் துண்டானது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் முன்னாடி போறேன் மேடம்" என்றான் தவளை. சாவியை எடுத்துக்கொண்டான். "அவங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி நான் போகணும்."

மேடம் தடுக்கவில்லை.

நர்ஸ் தங்கியிருந்தது ஒரு டயர் கடையின் மாடி அறையில். வெளிப்படிக்கட்டு ஏறும்போதே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. கதவைத் திறந்தவளின் கைகளிலிருந்து நீர் சொட்டியது. விரல் நுனியெல்லாம் தோல் வெளுத்து உரிந்து, கணுக்களில் சிவந்து வெடித்திருந்தது.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். செடி, பால், டேப், பெரியவர் மறைத்தது. நடுவில் ஒரு இடத்திலும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. அவள் கதவில் சாய்ந்தபடி கேட்டாள். முடிந்ததும் யார் மேலும் கோபப்படவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் கை கழுவியிருக்கேன், இல்லையா?"

"சிஸ்டர்?"

"ஒவ்வொரு நாளும் நினைச்சுப் பார்ப்பேன். சோப்பு போட்டேன், விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சேன். போட்டேன்னுதான் ஞாபகம். ஆனா எல்லாரும் இல்லை இல்லைன்னு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரு வயசானவரோட கண்ணை நானே குருடாக்கிட்டேனோன்னு…"

"சரியாத்தான் கழுவினீங்க" என்றான் தவளை. "அந்த வீட்டுல சுத்தமா இருந்தது உங்க கை ஒண்ணுதான்."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் புஸ்ஸென்றது. அவன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு சொல்லணும். கை அழுக்குன்னு முதல்ல சொன்னது யாருன்னா…"

"தெரியும்" என்றாள். "வேலையை விட்டு அனுப்பினப்பவே சொன்னாங்க. காபி கேட்டதைக்கூடச் சொன்னாங்க."

அவன் தலைநிமிரவில்லை. மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்து, இந்தக் கைகளுக்கு முன்னால் வெளியே வரக் கூச்சப்பட்டு நின்றது.

"ஏஜென்சி எப்ப மூடுவாங்க?" என்று மட்டும் கேட்டான்.

"ஆறு மணிக்கு."

"வண்டி கீழே நிக்குது. நான் சொல்றதை அவங்க எழுதி வாங்கிக்கற வரைக்கும் அங்கேயிருந்து நகர மாட்டேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பலாமா என்று எடை போடும் பார்வை. பிறகு உள்ளே போய்த் துண்டை எடுத்தாள். இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்து உலர்த்தினாள். திறந்து வைத்திருந்த சோப்புப் பெட்டியை மூடி, அலமாரிக்குள் தள்ளிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.